நகத்தளவுப் படத்துக்குப் பவர் ஏற்றிய கதை

அன்பும் மரியாதையும் என்றைக்கும் குறையாத அண்ணன் அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் சௌக்கியம். அங்கே நீங்களும் அண்ணியும் அதே சௌக்கியத்தோடு இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அண்ணியின் முழங்கால் வலியைப் பற்றி விரிவாக விசாரிக்கத்தான் நினைத்தேன். ஆனால் போன தடவை விசாரித்த கையோடு நான் சொன்ன வைத்தியத்தால் வலி அடுத்த காலுக்கும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே இந்தத் தடவை விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். நான் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து "சரிப்பா, வச்சிடறேன்" என்று நீங்கள் வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்கு இல்லை. விஷயம் உங்கள் மகனைப் பற்றியது. அவனும் என் மகளும் இப்போது பேசிக்கொள்வதில்லை. அவன் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லாவிட்டால், என் மகள் மூன்று வருடமாகச் செய்த வேலை வருகிற வெள்ளிக்கிழமை விற்பனைக்கு வந்தும் வராத மாதிரிதான். அந்த ஒரு வார்த்தையை நீங்கள் அவனிடமிருந்து வாங்கித் தரவேண்டும். இதற்கு மேல் படிக்காமல் உடனே அவனைக் கூப்பிட்டுக் கேட்டாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் நீங்கள் "எதுக்குடா?" என்பீர்கள், அவன் "சித்தப்பாவையே கேளுங்க" என்பான், நீங்கள் எனக்குப் போன் செய்வீர்கள், நான் மூச்சு வாங்க நிறுத்துவேன். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

என் மகள் வேலையை விட்டது உங்களுக்குத் தெரியும். "புத்தி கெட்டுப் போச்சா அவளுக்கு" என்று முதலில் கேட்டதே நீங்கள்தான். வேலையை விட்டு அவள் சும்மா இருக்கவில்லை. கடைக்கு மேலே இருக்கும் அறையில் உட்கார்ந்து தன்னந்தனியாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்திருக்கிறாள். கதாநாயகன் யார் என்றால், மூக்குக் கண்ணாடியின் கால் மடங்குகிற இடத்தில் இருக்குமே, அந்த ஸ்க்ரூ. அது கழன்று கீழே விழுந்துவிடுகிறது. கண்ணாடியைப் போட்டிருந்த கண்ணாடிக்காரர் அது இல்லாததால் கண்ணும் தெரியாமல் தரையில் தவழ்ந்து அதைத் தேடுகிறார். ஸ்க்ரூ அலமாரிக்கு அடியிலும் துடைப்பத்துக்கு நடுவிலும் சாக்கடை ஓரத்திலும் உருண்டு உருண்டு அவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். கண்ணாடிக் கடையில் வளர்ந்த பெண் வேறு எதைப் பற்றி விளையாட்டு செய்வாள் என்று நானும் விட்டுவிட்டேன். "இதுல யாரையும் சுடுறது கிடையாதா?" என்று கேட்டேன். "கிடையாதுப்பா." "கார் ஓட்டுறது?" "உருள்றது மட்டும்தான்ப்பா." நானும் விளையாடிப் பார்த்தேன். ஆரம்பித்ததும் சாக்கடையில் விழுந்தேன், அங்கேயே இருந்துவிட்டேன். விளையாட்டுக்குப் பெயர் 'கீழே விழுந்தது'. "நல்ல காரியத்துக்கு யாராச்சும் விழுந்ததுன்னு பேர் வைப்பாங்களா" என்று என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

இனிமேல்தான் படம் வருகிறது. இந்த மாதிரி விளையாட்டுகளை விற்பதற்கு இணையத்தில் ஒரு கடை உண்டாம். கதவு கிடையாது, ஷட்டர் கிடையாது, ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் ஒரே அலமாரியில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முகப்பில் ஒரு படம். அந்தப் படம் கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். வருகிறவர்கள் விரலால் மேலே தள்ளிக்கொண்டே போவார்கள். போகிற போக்கில் எந்தப் படம் கண்ணில் படுகிறதோ அதை அமுக்குவார்கள், அமுக்கினால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியும். "கண் சிமிட்டுற நேரம்தான்ப்பா. அதுக்குள்ள அமுக்கலேன்னா மூணு வருஷமும் அப்படியே மேல போயிடும்" என்றாள். அப்படிப் போய்விட்டால் பழைய ஆபீசுக்கே திரும்பிப் போவதாகவும், அந்த மேனேஜர் அவள் நாற்காலியை இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகவும் சொன்னாள். துண்டு மடித்துக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மடித்த துண்டையே பிரித்துத் திரும்ப மடித்ததை நான் பார்த்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை அண்ணா. அந்த ஆபீசிலிருந்து அவள் சாயங்காலம் படியேறி வரும் முகத்தை வருடக்கணக்காகப் பார்த்தவன் நான், அதை இன்னொரு தடவை பார்க்க எனக்கு ஆசை இல்லை.

முகப்புப் படத்தை உங்கள் மகன்தான் வரைய வேண்டும் என்று அவள் சொன்னாள். அவனும் உடனே வந்துவிட்டான். வண்ணக் குழாய்கள், தூரிகைகள், கதவளவு ஒரு துணிச்சட்டம், இத்தனையோடும் வந்து கடையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதம் வரைந்தான். நீங்கள் அவனைப் பற்றிக் கவலைப்படுவதை விடலாம், கை இருக்கிறது அவனிடம். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு ஃபிரேமும் படத்தில் இருந்தது. கடையில் இருக்கும் அத்தனை கண்ணாடியிலும் ஒவ்வொரு வாடிக்கையாளர் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை, மழையில் குடைகள், எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியில் நூல் கோப்பது, அவர் காலடியில் பூனை, என் காதோர நரை, இத்தனைக்கும் கீழே தரையில் ஒரு ஓரமாக அந்த ஸ்க்ரூ. சுவரில் சாய்த்து வைத்தபோது நான் என் காதோரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என் மனைவி தன் உருவத்தைக் கண்டுபிடித்து, பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, "இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று கேட்டாள். அவன், "அது வெளிச்சம் சித்தி" என்றான். வெளிச்சத்தின் மேல் பழி போட ஓவியர்களுக்கு உரிமை உண்டு போலிருக்கிறது.

அதன் பிறகு என் மகள் அதைப் போட்டோ எடுத்து நகத்தளவுக்குச் சுருக்கினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். நனைந்த கால்மிதி மாதிரி இருந்தது. உங்கள் மகன் போனை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கே" என்றான். "எல்லாம் இருக்குண்ணா. அதான் ஒண்ணும் தெரியல" என்றாள் அவள். இவன் குரல் கொஞ்சம் ஏறியது, அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. எங்கள் வீட்டில் சண்டை அப்படித்தான் ஆரம்பிக்கும். அந்த நேரத்தில்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். யாரும் கேட்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் யோசனை இதுதான். ஒரு பொருள் தூரத்திலிருந்து தெரிகிறதா இல்லையா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நம் தொழில். கடையின் பின்னறையில் ஒரு பக்கம் நாற்காலி, எதிர்ப்பக்கம் எழுத்து அட்டை, அதன் மேல் விளக்கு, எல்லாம் தயாராக இருக்கிறது. அந்தப் படத்தையும் எழுத்து அட்டைக்குக் கீழே ஒட்டிவிட்டால் போயிற்று. நாற்காலியிலிருந்து பார்க்கும்போது கையில் இருக்கும் நகத்தளவுப் படம் போலவே தெரிய எவ்வளவு பெரிதாக அச்சடிக்க வேண்டும் என்று என் மகள் ஒரு கணக்குப் போட்டாள், நான் தலையாட்டினேன். மறுநாள் காலையிலிருந்து, வந்தவர்களையெல்லாம் மேலிருந்து எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கடைசி வரி முடிந்ததும், "சரி, அதுக்குக் கீழ ஒரு படம் இருக்கே, அது என்ன?" என்று கேட்க ஆரம்பித்தேன். திரைக்குப் பின்னால் என் மகளும் உங்கள் மகனும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேருந்து ஓட்டுநர், "கசங்கின போர்வை" என்றார். தலைமையாசிரியை, "விடைத்தாள்ல மை கொட்டியிருக்கு" என்றார். மாமியாரோடு வந்த ஒரு பெண், "கோவமா ஒரு முகம்" என்று சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் இருந்தார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், "என்னன்னு நீங்களே சொல்லிடுங்க, நான் ஒத்துக்கறேன்" என்றார். திரை ஒவ்வொரு பதிலுக்கும் லேசாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் உங்கள் மகன் வெளியே போய்விட்டான் என்று அசைவு குறைந்ததிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இதில் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, கைப்பழக்கம். நாற்காலியில் இருப்பவர் "தெரியலை" என்றால் என் கை தானாக லென்ஸ் பெட்டிக்குப் போகும். "இப்போ?" "தெரியலை." "இப்போ?" "கொஞ்சம்." "இதுவா, முன்னாடி போட்டதா, எது தெளிவு?" "இது. ஆமா, குடை தெரியுது. பூனைகூடத் தெரியுது." சரி என்று அந்தப் பவரையே சீட்டில் எழுதிக் கண்ணாடி செய்து கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் முழுக்க இப்படி. எழுத்து அட்டையைச் சுத்தமாகப் படித்தவர்களுக்குக்கூட, பூனை தெரியவில்லை என்பதற்காகப் பவர் ஏற்றியிருக்கிறேன். வியாபாரம் நன்றாக நடக்கிறதே என்று என் மனைவி மட்டும் சந்தோஷமாக இருந்தாள்.

அடுத்த வாரம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பேருந்து ஓட்டுநர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சார், ரோடு சின்னதாயிடுச்சு. எதிர்ல வர்ற லாரி பொம்மை மாதிரி வருது. எனக்குப் பயமே போயிடுச்சு சார், அதான் பயமா இருக்கு." தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் எல்லாம் சின்னதாக, தூரத்தில் தெரிகிறார்களாம். "அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனா தலை வலிக்குது" என்றார். வங்கி மேலாளர் வரவில்லை, வீட்டுப் படியில் கால் தவறி உட்கார்ந்துவிட்டதாக மருமகளை அனுப்பிச் சொல்லவைத்தார். நல்லவேளை, அடி ஒன்றும் இல்லை. எனக்குக் காரணம் புரியவில்லை. சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது என் மகள் வந்து எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க என்ன பண்ணியிருக்கீங்க தெரியுமா? படம் சரியில்லைங்கிறதுக்காக அவங்க கண்ணை மாத்தியிருக்கீங்க" என்றாள். யோசித்தேன். உண்மைதான். நம் தொழிலில் எழுத்து அட்டை என்றைக்கும் தப்பாக இருக்காது, தெரியவில்லை என்றால் தப்பு நாற்காலியில்தான் இருக்கும். "அந்த இணையக் கடைக்கு வர்றவங்களுக்கு ஆளுக்கொரு லென்ஸ் அனுப்ப முடியாதுப்பா" என்றாள். எல்லோருக்கும் பழைய பவரிலேயே லென்ஸ் மாற்றிப் போட்டுக் கொடுத்து, வாயைத் திறக்காமல் அனுப்பிவைத்தேன். ஓட்டுநர் மட்டும், "பூனை நல்லா இருந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கூத்தில் ஒரு லாபம் வந்தது. கண் பரிசோதனையில் முதலில் எல்லாவற்றையும் மங்கவைக்கும் ஒரு லென்ஸைப் போட்டுவிட்டுத்தான் மெல்ல மெல்லத் தெளிவுக்கு வருவோம். என் மகள் அந்த லென்ஸைக் கேட்டு வாங்கி, சோதனைக்கு மாட்டுகிற அந்தக் கனமான வட்டக் கண்ணாடியில் செருகி, தானே மாட்டிக்கொண்டாள். அதோடு உட்கார்ந்து மற்றவர்கள் விளையாட்டுகளின் முகப்புப் படங்களையெல்லாம் பார்த்தாள். அதோடுதான் வீட்டிலும் நடமாடினாள், கதவில் இடித்துக்கொண்டாள், பாத்திரம் துலக்கினாள், துலக்கியதை என் மனைவி மறுபடி துலக்கினாள். "மங்கலாப் பார்த்தாலும் நல்ல படம் நிக்குதுப்பா. ஒரே ஒரு உருவம், அது வெளிச்சத்துல, பின்னாடி இருட்டு. பேரு பெருசா இருக்கு. மத்ததெல்லாம் கூழாயிடுது" என்றாள். அண்ணனையும் மாட்டிப் பார்க்கச் சொன்னாள். உங்கள் மகன் மாட்டிக்கொண்டு தன் பெரிய படத்தை ஒரு முறை பார்த்தான், கழற்றிக் கொடுத்துவிட்டான்.

அப்புறம் என்னென்னவோ செய்து பார்த்தாள். முதலில் ஸ்க்ரூ மட்டும் பெரிதாக. நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள், ஆனால் எல்லோரும் "ஹார்டுவேர் கடை" என்றே சொன்னார்கள். இருட்டில் ஸ்க்ரூ, கீழிருந்து வெளிச்சம். "பேய் வருமா இதுல?" என்று கேட்டார்கள். ஸ்க்ரூவுக்குக் கண்ணும் வாயும் வைத்துச் சிரிக்கவிட்டாள். "என் பேத்திக்கு வாங்கலாம்" என்றார் மேலாளர். பேத்திக்குப் பல் இன்னும் முளைக்கவில்லை. உங்கள் மகன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "ஸ்க்ரூவுக்குக் கண்ணு வரையற வீட்டுல எனக்கு என்ன வேலை" என்று சொல்லிவிட்டு மாடியில் போய் நின்றான். படம் தெரிந்தால் மட்டும் போதாது, உள்ளே என்ன மாதிரி விளையாட்டு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. நடுவில் என் மனைவி ஒரு படம் தயாரித்தாள். அதில் நம் கடையின் பெயர், விலாசம், போன் நம்பர், 'கண் பரிசோதனை இலவசம்' என்ற வாசகம், இவ்வளவுக்கும் நடுவில் இடம் மிச்சம் இருந்தால் ஸ்க்ரூ. "நாலு பேரு பாக்குற இடம், சும்மாவா விடுறது" என்றாள். அதையும் என் மகள் அனுப்பிப் பார்த்தாள். படத்தின் மேல் விளையாட்டின் பெயரைத் தவிர வேறு எழுத்து ஒன்றும் இருக்கக் கூடாது என்று அந்தக் கடை திருப்பி அனுப்பிவிட்டது. "அப்புறம் என்ன கடை அது" என்று என் மனைவி இன்றுவரை அந்தக் கடையை ஒரு கடையாக மதிப்பதில்லை.

கடைசியில் ஒரு நாள் என் மகள் உங்கள் மகனுடைய பெரிய படத்துக்கு முன்னால் அந்த மங்கல் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரம் நின்றாள். பிறகு படத்தின் கீழ்மூலையில், இடுப்புயரத்துக்கும் கீழே, ஒரு இடத்தில் விரலை வைத்தாள். அங்கே ஒரு கை இருந்தது. உள்ளங்கையைத் தரையில் பதித்து, விரல்களைக் கொஞ்சமாக விரித்து, தடவித் தேடுகிற ஒரு பெரிய கை. விளையாட்டில் வரும் கண்ணாடிக்காரரின் உடம்பெல்லாம் மேஜைக்குப் பின்னால் மறைந்திருந்தது, கை மட்டும் வெளியே வந்திருந்தது. விரல் நுனிக்கு எட்டாத தூரத்தில் ஒரு பொட்டு வெளிச்சம், அதுதான் ஸ்க்ரூ. அந்த மூலையை மட்டும் வெட்டி எடுத்து, மேலே இருட்டாக இருந்த இடத்தில் விளையாட்டின் பெயரைப் பெரிதாக எழுதிச் சுருக்கினாள். நகத்தளவிலும் கை கையாகவே இருந்தது. பின்னறையில் ஒட்டினேன். இந்தத் தடவை லென்ஸ் பெட்டியைப் பூட்டிச் சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டேன். ஓட்டுநர், "கை" என்றார். தலைமையாசிரியை, "கை. எதையோ தேடுது" என்றார். எதிர்க்கடைத் தையல்காரர், அவர் வந்தது சில்லறை மாற்ற, அவரையும் உட்கார வைத்துக் கேட்டேன். "பாவம், யாரோ எதையோ தொலைச்சுட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே குனிந்து தரையைப் பார்த்தார்.

உங்கள் மகன் அப்போது வண்ணம் வாங்கப் போயிருந்தான். வந்து பார்த்தான். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. "ஆறு மாசம் வரைஞ்சேன். அத்தனை பேரையும் விட்டுட்டு ஒரு கையை மட்டும் எடுத்துக்கிட்டா, மத்தவங்கெல்லாம் எங்க போவாங்க?" என்று கேட்டான். "அவங்கெல்லாம் உள்ளே இருப்பாங்கண்ணா. விளையாட்டைத் திறந்ததும் முழுப் படமும் வரும்" என்றாள் அவள். "நான் வாசல்ல நிக்கவைக்கத்தான் வரைஞ்சேன்." "வாசல்ல இவ்வளவு பேர் நின்னா யாரும் உள்ள வரமாட்டாங்கண்ணா." அவள் சொன்னது சரிதான். ஆனால் சரியானதைச் சொல்வதற்கு அது சரியான நேரமில்லை. தூரிகைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். பெரிய படத்தைத் திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டுப் போனான். அதன் பிறகு போனை எடுப்பதில்லை. உங்கள் வீட்டிலும் இதைப் பற்றி அவன் வாயைத் திறந்திருக்க மாட்டான், எனக்குத் தெரியும். அந்த விஷயத்தில் அவன் உங்களை மாதிரி.

இப்போது நிலைமை இதுதான். "அண்ணன் சரின்னு சொல்லாம அந்தக் கையைப் போட மாட்டேன்" என்கிறாள் என் மகள். வெள்ளிக்கிழமையை மாற்றவும் முடியாதாம். அவன் சொல்லாவிட்டால், கறுப்பில் வெள்ளையாகப் பெயரை மட்டும் எழுதிப் போட்டுவிடுவாளாம். அதையும் பின்னறையில் ஒட்டிப் பார்த்தேன். எல்லோரும் ஒரே மூச்சில் படித்தார்கள். "நல்லாத் தெரியுது சார், ஆனா எதுக்கு அமுக்கணும்?" என்று ஓட்டுநர் கேட்டார். என் மகள் திரைக்குப் பின்னால் இருந்தாள், வெளியே வரவில்லை. நேற்று அலமாரியிலிருந்து ஆபீசுக்குப் போட்டுப்போகும் செருப்பை எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

அண்ணா, உங்கள் மகனிடம் நீங்கள் ஒன்றே ஒன்று சொன்னால் போதும். அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும். கடையில் ஸ்க்ரூ விழுந்தால் நான் கண்ணால் தேட மாட்டேன், உள்ளங்கையால்தான் தேடுவேன். இத்தனை வருடத்தில் என் மனைவிகூட அதைக் கவனித்ததில்லை, எனக்கே தெரியாது, அவன் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. கடை, மழை, குடை, பூனை எல்லாவற்றையும் மங்கவைத்துப் பார்த்த பிறகும் நின்றது அவன் வரைந்ததுதான், வேறு யாரும் வரைந்ததில்லை. அதை அவனுக்கு என் வாயால் சொல்லியிருக்கலாம். அவன் தூரிகையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, குடை எடுத்துக்கோ" என்றுதான் சொன்னேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆகவே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கோபப்படாமல், புத்தி சொல்லாமல், 'சரி' என்ற வார்த்தையை வாங்கி வியாழக்கிழமைக்குள் எங்களுக்குச் சொல்லி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கங்கள். அவர் இரண்டு கால்களும் ஒன்றுபோல் நன்றாக நடக்க வேண்டும் என்று வாழ்த்தும் வயது எனக்கு இல்லாததால், விரும்பிக்கொள்கிறேன். நீங்கள் கண்ணாடி வாங்கி ரொம்ப நாளாகிவிட்டது, ஒரு தடவை வந்து பரிசோதித்துக்கொள்ளுங்கள், பூனையெல்லாம் கேட்க மாட்டேன். உங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட (போன் நீங்கலாக)
தம்பி

பி.கு.: மேலே எழுதிய எதையும் நீங்கள் செய்யவேண்டாம். இதைத் தபாலில் போடச் சொல்லிக் கொடுத்ததை என் மனைவி மேஜை இழுப்பறையில் வைத்து மறந்துவிட்டாள், இன்றுதான் கிடைத்தது, இன்று ஞாயிற்றுக்கிழமை. வியாழனன்று உங்கள் மகனே வந்துவிட்டான். சமாதானத்துக்கு வரவில்லை, தூரிகை கழுவும் டர்பன்டைன் பாட்டிலை மறந்துவிட்டுப் போயிருந்தானாம். பின்னறையில் அப்போது முன்பின் தெரியாத ஒருவர் கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தார். எழுத்து அட்டைக்குக் கீழே இன்னும் எடுக்காமல் இருந்த கைப் படத்தைக் காட்டி, நான் கேட்காமலே, "இது யார் வரைஞ்சது சார்? எங்க அப்பா கை மாதிரியே இருக்கு" என்றார். உங்கள் மகன் பாட்டிலும் கையுமாக அந்தப் படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். பிறகு படியேறிப் போய், "வெட்டிக்கோ. விரல் நுனியை மட்டும் வெட்டிடாதே" என்றான். அவள் விரல் நுனியை வெட்டவில்லை.

வெள்ளிக்கிழமை படம் அந்த இணையக் கடைக்கு வந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு விளையாட்டின் படத்து மூலையிலும் அந்தக் கடையே 'புதிது' என்று சிவப்புப் பட்டை ஒன்றை ஒட்டிவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அது சரியாக ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருந்தது. எடுக்க முடியாதாம், கடை விதி. யாருக்கு எவ்வளவு பவர் ஏற்றினாலும் இனி ஸ்க்ரூ தெரியாது. என் மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன், சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லாத தரையை ஒரு கை தடவிக்கொண்டிருக்கிறது, அது எதைத் தேடுகிறது என்று தெரியாமல் ஆளாளுக்கு அமுக்கி உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். பார்த்தவர்கள் வெளியே வந்து மற்றவர்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்கள், நீயே போய்ப் பார் என்கிறார்கள். நேற்று காலை அவள் பழைய மேனேஜருக்குப் போன் செய்து நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். நானும் கொஞ்சம் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

அடுத்த விளையாட்டை நேற்று மத்தியானமே ஆரம்பித்துவிட்டாள். கதாநாயகன் ஒரு தூசி. உங்கள் மகன் சுவரளவுத் துணி வாங்கப் போயிருக்கிறான்.